மலைப் பயணத்திற்குப் பின் வரும் காய்ச்சல்: மருத்துவரிடம் மறவாது சொல்ல வேண்டிய ஒரு செய்தி

காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை ஆகிய மூன்றும் செப்டம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் வருகின்றன. கோவளம், கேளம்பாக்கம், தாம்பரம் பகுதிக் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைக்குப் புறப்படும் காலமும் இதுவே. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலகிரிக்கும், எழுபது வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கும், சவ்வாது மலைக்கும் ஏற்காட்டிற்கும் செல்வோர் பலர். முன்னர் விடுதி அறையில் தங்கியவர்கள் இப்போது கூடாரம் அமைத்துத் தங்குவதைப் பெரிதும் விரும்புகின்றனர். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணையவழிப் பதிவுடன் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பிறகு, காட்டுப் பாதையில் நடக்கும் ஆர்வமும் வளர்ந்துள்ளது.

இது நல்ல மாற்றமே. கைப்பேசியை மறந்து, புல்வெளியில் ஓடி, விண்மீன்களைப் பார்த்தபடி உறங்கும் இரண்டு நாள்கள் பிள்ளைகளுக்கு உடல்நலமும் மனநலமும் தருவன. எனவே மலைப் பயணத்தைத் தவிர்க்குமாறு நாங்கள் கூறப்போவதில்லை. பயணம் முடிந்து வீடு திரும்பிய பின் வரும் மூன்று வாரங்களைப் பற்றியே இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம். அந்த மூன்று வாரங்களுக்குள் வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் வந்தால், மலைக்குச் சென்று வந்ததை மருத்துவரிடம் நீங்களே முன்வந்து சொல்ல வேண்டும். அந்த ஒரு செய்தி, நோயறியும் காலத்தைப் பல நாள்கள் குறைக்கக்கூடும். சில வேளைகளில் உயிரையும் காக்கக்கூடும்.

உண்ணிக் காய்ச்சல் என்பது என்ன?

மருத்துவர்கள் 'ஸ்க்ரப் டைபஸ்' என்று குறிப்பிடும் நோயைத் தமிழ் நாளிதழ்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகின்றன. 'ஸ்க்ரப்' என்றால் புதர் என்று பொருள். புதரும் புல்லும் மண்டிய இடங்களில் தொற்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது. பெயரில் 'டைபஸ்' இருப்பதால் இதனை டைபாய்டு என்று கருதிவிடக்கூடாது. டைபாய்டு, மாசுபட்ட நீராலும் உணவாலும் பரவும் வேறொரு நோயாகும்.

உண்ணிக் காய்ச்சலை உண்டாக்குவது 'ஓரியன்சியா சுட்சுகமுஷி' என்னும் பாக்டீரியா. ஜப்பானின் ஆற்றங்கரை வயல்களில் வேலை செய்த உழவர்கள் இந்நோயை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். நோயைத் தரும் பூச்சி என்று பொருள்படும் அவர்களுடைய சொல்லே கிருமியின் பெயராயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா, அசாம் எல்லைக் காடுகளில் முகாமிட்ட வீரர்களை இந்நோய் பெருமளவில் வாட்டியது. 1948இல் கோலாலம்பூரில் நடந்த ஆய்வில்தான் இதனைக் குணப்படுத்தும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. அதற்குமுன், புல்தரையில் கூடாரமிட்டு உறங்கிய திடகாத்திரமான இளைஞர்கள்கூட இரண்டாம் வாரக் காய்ச்சலில் மாண்டுபோயினர்.

இன்று நம்மிடம் எளிய, விலை குறைந்த, நன்கு பயன் தரும் மருந்துகள் உள்ளன. ஆயினும் இந்நோயால் இறப்புகள் நிகழ்கின்றன. மருந்து கிடைக்காததைவிட, நோய் இன்னதென்று உரிய நேரத்தில் அறியாததே அதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

புல்நுனியில் காத்திருக்கும் சிற்றுயிர்

நாய், மாடு ஆகியவற்றின் உடலில் ஒட்டியிருக்கும் உண்ணியை நாம் கண்ணால் காண இயலும். உண்ணிக் காய்ச்சலைத் தரும் உயிர் அதுவன்று. இது சிலந்தி இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய ஓர் உயிர். அதன் இளம்பருவப் புழு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவினது. கூர்ந்து நோக்கினாலும் எளிதில் புலப்படாது. இக்கட்டுரையில் இதனைச் சிற்றுண்ணி என்று அழைப்போம்.

சிற்றுண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணிலேயே கழிக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பருவத்தில் மட்டும், ஒரே ஒருமுறை, ஏதேனும் ஒரு விலங்கின் உடலிலிருந்து உணவு கொள்கிறது. எலியும் மூஞ்சூறுமே அதற்கு வழக்கமான இலக்கு. புல்லின் நுனிக்கோ, உதிர்ந்த இலையின் மேற்பரப்பிற்கோ ஏறிக் காத்திருக்கும் அந்தச் சிற்றுயிர், அவ்வழியே செல்லும் உடலில் தொற்றிக்கொள்கிறது. அங்கு ஒரு குழந்தை அமர்ந்தால் அதன் உடலிலும் ஏறிக்கொள்ளும். பின்னர் மென்மையான, மடிப்பான, ஆடை இறுகப் பிடிக்கும் இடத்தைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும். அது இரத்தம் குடிப்பதில்லை. தோலின் திசுவைக் கரைத்து, அந்நீரை உறிஞ்சுகிறது. இவ்வாறு இரண்டு முதல் நான்கு நாள்கள்வரை ஒட்டியிருக்கலாம். கடித்த இடத்தில் பெரும்பாலும் வலி தோன்றாது. அதனால்தான், 'பூச்சி ஏதும் கடித்ததா?' என்று நாங்கள் வினவும்போது, 'இல்லை' என்ற விடையே எங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கிறது.

தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. ஆகவே ஓரிடத்தில் கிருமியுள்ள சிற்றுண்ணிகள் நிலைபெற்றுவிட்டால், ஆண்டுதோறும் அங்கு அவை தொடர்ந்து இருக்கும். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதைத் தொடரும் குளிர்மாதங்களிலும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. புல் செழித்து வளரும் காலமும், குடும்பங்கள் மலையில் கூடாரமிடும் விடுமுறைக் காலமும் இதனோடு ஒன்றிவிடுகின்றன.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மலையில் மட்டுமே சிற்றுண்ணி வாழ்கிறது என்பதில்லை. புதரும் எலியும் சேர்ந்திருக்கும் காலிமனை, ஏரிக்கரை, தோப்பு எங்கும் அது வாழக்கூடும். செங்கல்பட்டு மாவட்டமும் இதற்கு விலக்கன்று. எனினும் மலைக்கூடாரத்தில் ஓரிரவு முழுவதும் புல்தரையோடு நெருங்கியிருக்கிறோம். அதனால் தொற்றும் வாய்ப்பு கூடுகிறது.

பயணத்தையும் காய்ச்சலையும் பிரிக்கும் பத்து நாள்கள்

சிற்றுண்ணி கடித்த அன்றோ மறுநாளோ காய்ச்சல் வருவதில்லை. கிருமி உடலில் பெருகி நோய்க்குறிகளைத் தோற்றுவிக்க 6 முதல் 21 நாள்கள் ஆகும். பெரும்பாலோருக்குப் பத்தாம் நாள் அளவில் காய்ச்சல் தொடங்குகிறது. இந்த இடைவெளியே பெற்றோரையும் மருத்துவரையும் திசைதிருப்புகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு குடும்பம் பொங்கல் விடுமுறையில் ஜனவரி 16, 17 ஆகிய இரு நாள்கள் மலையில் கூடாரமிட்டுத் தங்குகிறது. ஜனவரி 18 அன்று எல்லோரும் நலமாக வீடு திரும்புகின்றனர். துணிகள் துவைக்கப்பட்டு, பைகள் பரண் ஏறிவிடுகின்றன. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்குகின்றனர். ஜனவரி 27 அன்று எட்டு வயது மகனுக்குக் காய்ச்சல் வருகிறது. 'பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காய்ச்சலாம்' என்கிறார் பாட்டி. வீட்டிலிருந்த பாராசிட்டமால் தரப்படுகிறது. மூன்றாம் நாள் அருகிலுள்ள மருந்துக்கடையில் ஏதோ ஒரு நுண்ணுயிர்க்கொல்லி வாங்கப்படுகிறது. ஐந்தாம் நாள் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, அவர் இருமலைப் பற்றியும் வாந்தியைப் பற்றியும் கேட்கிறார். அவற்றிற்கு விடை சொல்லும் பெற்றோருக்கு, இரண்டு வாரங்களுக்கு முன் முடிந்துபோன பயணம் நினைவிற்கே வருவதில்லை.

இந்தக் குடும்பம் பிப்ரவரி 7 வரை வரும் எந்தக் காய்ச்சலையும் மலைப் பயணத்தோடு இணைத்துப் பார்த்திருக்க வேண்டும். நீங்களும் பயணத்திலிருந்து திரும்பியவுடன் அந்நாளிலிருந்து 21 நாள்களை எண்ணி, வீட்டு நாள்காட்டியில் அந்தத் தேதியில் ஓர் அடையாளமிட்டு வையுங்கள்.

காய்ச்சல் எவ்வாறு வெளிப்படும்?

தொடக்கத்தில் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி, குளிர்நடுக்கம் ஆகியவை இருக்கும். பிள்ளைகளிடம் வாந்தி, வயிற்றுவலி, வறட்டு இருமல், கண் சிவத்தல், முகம் அல்லது கால் லேசாக வீங்குதல் ஆகியவையும் காணப்படலாம். கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டலாம். உடலில் மங்கலான சிவந்த தடிப்புகள் தோன்றக்கூடும். மாநிறத் தோலில் இவை எளிதில் தென்படுவதில்லை.

இக்குறிகளில் எதுவும் இந்நோய்க்கே உரியதன்று. டெங்கு, டைபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல் ஆகியவற்றிலும் இவை தோன்றும். டெங்குவைப் போலவே உண்ணிக் காய்ச்சலிலும் இரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன. எனவே தட்டணு எண்ணிக்கை குறைந்திருப்பதைக் கண்டவுடன் 'இது டெங்குதான்' என்று முடிவுகட்டிவிடுவது தவறு. டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் தணிந்துவிடும். ஐந்து நாள்களைக் கடந்தும் குறையாத காய்ச்சல் மறு ஆய்வுக்குரியது.

இக்கிருமி, இரத்தக் குழாய்களின் உட்சுவரில் உள்ள செல்களைத் தாக்குகிறது. குழாய்கள் உடலெங்கும் இருப்பதால் எந்த உறுப்பும் பாதிக்கப்படலாம். சிகிச்சை இன்றி இரண்டாம் வாரத்தை எட்டும்போது, குழாய்ச் சுவர்களில் கசிவு ஏற்பட்டு, நுரையீரலில் நீர் கோத்தல், இரத்த அழுத்தம் வீழ்தல், சிறுநீரகம் செயலிழத்தல், மூளையிலும் அதன் உறையிலும் அழற்சி ஆகியவை உண்டாகலாம். பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, சிகிச்சை பெறாதோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேர் இறந்துள்ளனர் எனத் தெரிகிறது. காலத்தே சிகிச்சை பெறுவோரில் இறப்பு இதைவிட மிகவும் குறைவு.

தோலில் மறைந்திருக்கும் கருந்தழும்பு

இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் ஓர் அடையாளம் உண்டு. சிற்றுண்ணி கடித்த இடத்தில் முதலில் சிறு கொப்புளம் தோன்றி, பின்பு அது புண்ணாகி, நடுவில் கருமையான பொருக்குத் தட்டும். சுற்றிலும் சிவந்த வளையம் இருக்கும். சிகரெட் நெருப்பால் சுட்ட தழும்பைப் போன்றிருக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. இதில் வலியும் இராது, அரிப்பும் இராது. எனவே குழந்தை அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

தேட வேண்டிய இடங்கள்:

• காதின் பின்புறமும் தலைமுடி ஓரமும்
• கழுத்து மடிப்பு
• அக்குள்
• மார்பகத்தின் கீழ்ப்பகுதி
• தொப்புளும் இடுப்பில் அரைக்கயிறு அல்லது உள்ளாடையின் எலாஸ்டிக் பதியும் இடமும்
• தொடையிடுக்கு, பிறப்புறுப்பு, ஆண்பிள்ளைகளின் விதைப்பை
• பிட்டத்தின் மடிப்பு, முழங்காலின் பின்புறம்

ஈரமான மடிப்புகளில் கரும்பொருக்கு தோன்றாமல், ஆழமற்ற வெளிறிய புண்ணாக மட்டும் இருக்கலாம். பதின்பருவப் பிள்ளைகள் ஆடை களைந்து காட்டக் கூச்சப்படுவது இயல்பு. மருத்துவர் கேட்பதன் காரணத்தைப் பெற்றோர் முன்கூட்டியே எடுத்துரைத்தால் அவர்கள் ஒத்துழைப்பர். தழும்பு இல்லை என்பதனால் நோய் இல்லை என்றாகிவிடாது. நோயுற்ற பலரிடம் அது தோன்றுவதே இல்லை.

பரிசோதனையும் சிகிச்சையும்

இந்நோயை உறுதிசெய்ய, 'ஐஜிஎம் எலைசா' என்னும் இரத்தப் பரிசோதனை பரவலாகப் பயன்படுகிறது. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை இது கண்டறிகிறது. அப்பொருள் போதிய அளவில் உருவாகச் சில நாள்கள் ஆகும். ஆதலால் காய்ச்சலின் முதல் ஐந்து நாள்களில் பரிசோதனை முடிவு 'இல்லை' என்று வந்தாலும், நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலாது. அந்நிலையில் மருத்துவரின் முடிவு, நோய்க்குறிகளையும் நீங்கள் சொல்லும் வரலாற்றையும் பெரிதும் சார்ந்துள்ளது. மலைப் பயணத்தைப் பற்றி அறிந்த மருத்துவர், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உரிய மருந்தைத் தொடங்க இயலும்.

அந்த மருந்து டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின். இரண்டுமே மாத்திரையாகவோ பாகாகவோ தரக்கூடியவை. உரிய நேரத்தில் தொடங்கினால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு 48 மணி நேரத்திற்குள் காய்ச்சல் தணிந்துவிடும். அவ்வாறு தணிந்தாலும், மருத்துவர் குறித்த நாள்கள் முழுவதும் மருந்தைத் தொடர வேண்டும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை உணவுக்குப்பின் ஒரு குவளை நீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் அரைமணி நேரமாவது அமர்ந்திருக்க வேண்டும். இல்லையெனில் உணவுக்குழாயில் புண் ஏற்படலாம்.

மருந்துக்கடையில் காய்ச்சலுக்கென்று கேட்டு வாங்கப்படும் அமாக்சிசிலின், செஃபிக்சிம் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் இக்கிருமியிடம் பயன் தருவதில்லை. அவற்றைக் கொடுத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வீணாகும் நாளே. ஏற்கெனவே ஏதேனும் மருந்து கொடுத்திருந்தால், அதன் அட்டையைத் தவறாமல் கொண்டு வாருங்கள். அதற்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ளப்போவதில்லை. அடுத்த மருந்தை முடிவு செய்ய அது எங்களுக்கு உதவும்.

நோய் முற்றிய நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க நேரிடும். கடுமையான உண்ணிக் காய்ச்சல் கண்ட பெரியவர்களுக்கு, மேற்கூறிய இரு மருந்துகளையும் சிரை வழியாக ஒருசேரச் செலுத்துவது, ஒன்றை மட்டும் செலுத்துவதைவிடச் சிறந்தது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய இந்திய ஆய்வு 2023இல் நிறுவியது. நம் மாநிலத்து மருத்துவர்களின் உழைப்பில் விளைந்த அந்த அறிவு, இன்று உலகெங்கும் உள்ள நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. எனினும் மாத்திரையால் குணமாகும் கட்டத்திலேயே நோயைக் கண்டறிவதே நம் அனைவரின் விருப்பமாகும்.

காத்திராமல் மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும், இரவு பகல் பாராமல் குழந்தையை உடனே அழைத்து வாருங்கள். தேவையெனில் 108 ஊர்தியை அழையுங்கள்.

• மூச்சு வாங்குதல், நெஞ்சுக்கூடு உள்வாங்க வேகமாக மூச்சுவிடுதல்
• எழுப்பினாலும் விழிக்காத அளவு சோர்வு, பிதற்றல், வலிப்பு
• கை கால்கள் சில்லிட்டுப் போதல்
• ஆறு மணி நேரத்திற்கு மேலாகச் சிறுநீர் கழிக்காமை
• எதையும் பருக இயலாதவாறு தொடர் வாந்தி
• மூக்கிலோ ஈறிலோ இரத்தக் கசிவு, கருநிற மலம்

குடும்பத்தோடு மலைக்குச் சென்ற கர்ப்பிணிகளுக்குக் காய்ச்சல் வந்தால், அவர்கள் ஒருநாளும் தாமதிக்கலாகாது. இந்நோய் கருவையும் பாதிக்கக்கூடும். அவர்களுக்கு அசித்ரோமைசின் தரப்படுகிறது. நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ள தாத்தா பாட்டிமாரும் இவ்வாறே விரைந்து வர வேண்டும்.

கூடாரத்தில் தங்கும்போது கடைப்பிடிக்க வேண்டியவை

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. 'முன்னெச்சரிக்கையாக' நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைத் தாமாகவே உட்கொள்வதும் தகாது. சிற்றுண்ணி தோலை அடையாமல் தடுப்பதே வழி.

இடத்தைத் தெரிவு செய்தல்: காப்புக்காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றிக் கூடாரமிடக் கூடாது. அனுமதி பெற்ற முகாம்களிலும், புல் வெட்டப்பட்டு வெயில் படும் திறந்த இடத்தைத் தெரிவு செய்யுங்கள். புதரோரம், விறகுக் குவியல், எலிவளைகள் உள்ள இடம் ஆகியவற்றைத் தவிர்த்திடுங்கள். அடித்தளமும் சுவரும் சேர்த்துத் தைக்கப்பட்ட கூடாரமே நல்லது. அதன் வாயிலை எப்போதும் மூடி வையுங்கள்.

ஆடை: முழுக்கைச் சட்டை, முழுநீளக் காற்சட்டை, காலுறை, மூடிய காலணி ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கு அணிவியுங்கள். காற்சட்டையின் ஓரத்தைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். மலைக்குளிருக்கும் இது ஏற்றது.

பூச்சிவிரட்டி: 'டீட்' என்னும் பொருள் கலந்த களிம்பைக் கால், கை, கழுத்து ஆகிய திறந்த இடங்களில் பூசலாம். கண், வாய், குழந்தையின் உள்ளங்கை ஆகியவற்றில் பூசக் கூடாது. இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதனைப் பயன்படுத்தலாகாது.

அமர்தலும் உறங்குதலும்: வெறும் புல்தரையில் அமரவோ படுக்கவோ வேண்டாம். தடித்த தார்ப்பாயை விரித்து அதன்மேல் அமருங்கள். துவைத்த துணிகளைப் புதர்மேல் உலர்த்தாமல் கயிறு கட்டி உலர்த்துங்கள். மீந்த உணவைக் கூடாரத்தருகே வைத்தால் எலிகள் வரும். எலிகளோடு சிற்றுண்ணிகளும் வரும்.

குளியல்: ஒவ்வொரு நாள் மாலையும், இயலாவிடில் வீடு திரும்பியவுடனும், பிள்ளைகளைச் சோப்பிட்டு நன்கு தேய்த்துக் குளிப்பாட்டுங்கள். தோலில் திரியும் சிற்றுண்ணிகளை இது அகற்றிவிடும். அணிந்த ஆடைகளைத் தனியே கட்டி வைத்து, வெந்நீரில் துவையுங்கள்.

நீங்கள் கேட்கும் வினாக்கள்

இந்தக் காய்ச்சல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா?
தொற்றாது. நோயுற்ற குழந்தையைத் தனிமைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அதே கூடாரத்தில் உறங்கிய அண்ணனையோ தங்கையையோ சிற்றுண்ணி கடித்திருக்கலாம். அவர்களையும் 21 நாள்கள் கவனித்து வாருங்கள். காய்ச்சல் இல்லாதவர்களுக்கு மருந்து தேவையில்லை.

டாக்ஸிசைக்ளின் குழந்தைகளின் பல்லைக் கறையாக்கும் என்கிறார்களே?
அதே வகையைச் சேர்ந்த பழைய மருந்துகளால் அவ்வாறு நேர்ந்ததுண்டு. குறுகிய காலத்திற்குத் தரப்படும் டாக்ஸிசைக்ளின் பற்களைக் கறையாக்குவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உண்ணிக் காய்ச்சலில் எட்டு வயதிற்கு உட்பட்டவர்களுக்கும் மருத்துவர்கள் இதனைத் தருகின்றனர். அச்சத்தால் மருந்தை இடையில் நிறுத்திவிடாதீர்கள்.

ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வருமா?
வரலாம். இக்கிருமியில் பல வகைகள் உள்ளன. ஒரு வகையால் பெற்ற எதிர்ப்பாற்றல் மற்றொரு வகைக்கு எதிராக நீண்டகாலம் உதவுவதில்லை.

வீட்டு நாயின் உண்ணியால் இந்நோய் வருமா?
இந்நோய் வராது. ஆனால் நாய் உண்ணியால் பரவும் வேறொரு காய்ச்சல் உண்டு. அதற்கும் டாக்ஸிசைக்ளினே மருந்து. நாயையும் உடன் அழைத்துச் சென்றிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மலைக்கே செல்லாத குழந்தைக்கு வருமா?
வரலாம். புதர் மண்டிய மனையில் பந்தெடுக்கச் சென்ற குழந்தைக்கும், தோப்பில் விறகு பொறுக்கும் பெரியவருக்கும் வரக்கூடும். அத்தகைய செய்தியும் எங்களுக்கு மிகவும் பயனுடையது.

மருத்துவரிடம் எவ்வாறு சொல்வது?

புறநோயாளர் பிரிவில் கூட்டம் மிகுந்திருக்கும். காத்திருந்த களைப்பில் சொல்ல வந்ததை மறந்துவிடுவது இயல்பே. ஆகவே வீட்டிலேயே ஒரு தாளில் பின்வருவனவற்றை எழுதிக் கொண்டு வாருங்கள்: சென்ற இடம், தங்கிய நாள்கள், கூடாரத்திலா அறையிலா, ஓடை நீரைப் பருகியதுண்டா, அருவியிலோ குளத்திலோ குளித்ததுண்டா, காய்ச்சல் தொடங்கிய நாள், இதுவரை கொடுத்த மருந்துகள், உடன் வந்த வேறெவருக்கேனும் காய்ச்சல் உண்டா. ஓடை நீரைப் பற்றிய விடை டைபாய்டையும் மஞ்சள்காமாலையையும், தேங்கிய நீரைப் பற்றிய விடை எலிக்காய்ச்சலையும் எண்ணிப் பார்க்க எங்களுக்கு உதவும்.

எழுத இயலாதவர்கள் இவ்வளவு சொன்னாலே போதும்: 'டாக்டர், பன்னிரண்டு நாள்களுக்கு முன்பு ஏலகிரியில் கூடாரத்தில் தங்கினோம். நான்கு நாள்களாகக் காய்ச்சல். பிள்ளையின் உடம்பில் கருந்தழும்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.' மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இது அவருக்கு அறிவுரை கூறுவதாகாது. அவருக்குத் தெரியாத, உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு செய்தியைத் தருவதாகும். எந்த மருத்துவரும் அதனை நன்றியோடு ஏற்றுக்கொள்வார்.

அடுத்த விடுமுறைக்கு மலைக்குச் செல்லும் குடும்பத்தினர் பையில் கம்பளியோடு காலுறைகளையும், தார்ப்பாயையும், பூச்சிவிரட்டிக் களிம்பையும் எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் நாள்காட்டியில் 21ஆம் நாளைக் குறித்து வையுங்கள். உங்களோடு வந்த அண்டை வீட்டாருக்கும் உறவினருக்கும் இதனைத் தெரிவியுங்கள். அந்நாள் வரை வீட்டில் எவருக்கும் காய்ச்சல் வரவில்லையெனில், பயணம் நலமாக முடிந்தது என்று மகிழலாம். இடையில் காய்ச்சல் வந்தால், குழந்தையையும், மருந்து அட்டைகளையும், மலைக்குச் சென்று வந்த அந்தச் செய்தியையும் சேர்த்து எங்களிடம் கொண்டு வாருங்கள்.